கூரையிலிருந்து கூரைக்கு: மன்னார்க் கரையில் கமெராப் படம் போகும் வழி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு கட்டடத்தில் இருக்கும் பாதுகாப்புக் கமெராவின் படத்தைக் கம்பியில்லாமல் தூரத்திலுள்ள இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோவது. கடைக்காரர் காட்டும் பெட்டியின் விலையைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. இரண்டு கூரைகளுக்கும் நடுவே கிடக்கும் வெளியைப் பற்றியே பேசப்போகிறேன். அந்த வெளியைப் படித்தவர் வாங்கும் மலிவான பெட்டி ஓடும். படிக்காதவர் வாங்கும் விலையுயர்ந்த பெட்டியும் படுத்துவிடும்.

முதலில் ஒரு கேள்வி. கமெராவும் கரையிலுள்ள மீன்வாடியில், பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டியும் அதே வாடியில் என்றால், இரவில் படகு எஞ்சினைக் களவெடுக்க வருபவன் என்ன செய்வான்? எஞ்சினோடு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவான். சாட்சி சொல்ல வேண்டிய பெட்டியே களவுபோன பிறகு, சுவரில் தொங்கும் கமெராவால் யாருக்கு என்ன பயன்? ஆகவே படம் அங்கே பிறந்தாலும் இங்கே வந்து சேர வேண்டும். கரையில் பிறந்து ஊருக்குள் சேர வேண்டும். குளத்தடியில் பிறந்து அலுவலகத்தில் சேர வேண்டும்.

தூரத்திலிருந்து பார்ப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. அரிப்பில், கடலைப் பார்த்த மேட்டிலே, இடிந்து நிற்கிறதே ஒரு மாளிகை, நாம் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் அந்தக் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டியது அது. எதற்காக? முத்துக்குளிப்புக் காலத்தில் கரையிலிருந்தே கடலைக் கண்காணிப்பதற்காக. அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு: ஒன்று உயரம், மற்றது குறுக்கே எதுவுமில்லாத பார்வை. இருநூறு வருடங்களுக்கு மேல் போய்விட்டன. கண்ணுக்குப் பதிலாக வானொலி அலை வந்திருக்கிறது. தேவை அதே இரண்டுதான்.

இங்கே தலை நரைத்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அன்ரனாக் காலம் மறந்திருக்காது. 1982இல் நம் நாட்டில் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கியபோது, கடலுக்கு அந்தப் பக்கம் தென் தமிழ்நாட்டில் உயரமான கம்பம் நட்டு அதைப் பார்த்தார்கள். கொடைக்கானல் மலையில் தூரதர்சன் கோபுரம் எழுந்த பிறகு, இந்தப் பக்கம் நாம் கம்பம் நட்டோம். ஒருவர் கூரைமேல் ஏறிக் கம்பத்தைத் திருப்புவார். இன்னொருவர் வாசலில் நிற்பார். வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும்: "இல்லை, இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு! ஆ, இப்ப வடிவாத் தெரியுது, விடாதே, இறுக்கிக் கட்டு!" அந்தக் கூரையில் நின்றவருக்கு எந்தப் பாடசாலையும் அலைவரிசை கற்பிக்கவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், உயர்த்தினால் தெளியும் என்று. இம்மி பிசகினால் புள்ளி விழும் என்று. கடலின் காற்று மாறும்போது படமும் மாறும் என்று. இன்று நாம் செய்யப்போகும் வேலைக்கு அடிப்படை அந்த அறிவுதான். அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, கைத்தொலைபேசி சிம் ஒன்றைப் போட்டு அனுப்பினால் என்ன என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுத் தெளிவுள்ள ஒரு கமெரா, எச்.264 முறையில் சுருக்கிய பிறகும், செக்கனுக்கு ஏறக்குறைய 4 மெகாபிட் அனுப்பும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 43 கிகாபைட். ஒரு மாதத்துக்கு 1,300 கிகாபைட். ஒரு கமெராவுக்கே இவ்வளவு! நான்கு கமெரா வைத்தால் மாதம் 5,000 கிகாபைட் தாண்டும். எச்.265 முறை இதை ஏறக்குறையப் பாதியாக்கும், அவ்வளவுதான். எந்தச் சங்கத்தால் இந்த டேட்டாக் கட்டணத்தை மாதாமாதம் கட்ட முடியும்? கம்பி இழுப்பதா? தள்ளாடிக்கும் மன்னார் நகருக்கும் இடையிலுள்ள தாம்போதியை நினைத்துப் பாருங்கள். வீதியைக் கிண்ட அனுமதி வேண்டும், பாலத்தில் கட்ட அனுமதி வேண்டும், பிறகு உப்புத் தண்ணீரோடு போராட வேண்டும். ஆனால் இந்தக் கூரைக்கும் அந்தக் கூரைக்கும் நடுவே சொந்தமாக ஓர் இணைப்பு இருந்தால், ஆயிரம் கிகாபைட் போனாலும் பத்தாயிரம் போனாலும் யாருக்கும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை.

இப்போது வெளிக்கு வருவோம். அங்கே நிற்கும் கூரை இங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது, அது போதாதா? போதாது. வானொலி அலை நூல் பிடித்தாற்போல ஒரு கோட்டில் போவதில்லை. இரண்டு முனையிலும் ஒடுங்கி, நடுவில் வெள்ளரிக்காய் போலப் பருத்து ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. பிரெனெல் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் அதைப் பிரெனெல் வலயம் என்கிறார்கள். 5.8 கிகாஹேர்ட்ஸ் அலையில் 3 கிலோமீற்றர் தூரத்துக்கு, நடுவில் அதன் ஆரை 6 மீற்றருக்குச் சற்றுக் கூட. 10 கிலோமீற்றருக்கு 11 மீற்றருக்குக் கூட. அதில் குறைந்தது அறுபது வீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும்.

மன்னாரில் அந்தத் தடை யார்? மலை இல்லை. மாடிக் கட்டடங்களும் குறைவு. நம் தடை பனைமரம்! 15, 20 மீற்றர் உயர்ந்து, அதற்குமேலும் வளர்ந்து நிற்கும் பனை. கோடையில் ஓலை காய்ந்திருக்கும்போது ஒருமாதிரி சமாளித்துக்கொண்டு ஓடிய இணைப்பு, மாரியில் ஓலை நனைந்ததும் விழுந்துவிடும். தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும். "மழை வந்தால் வேலை செய்யாது" என்று பெட்டியைக் குறை சொல்கிறவர்கள், பாதையில் நிற்கும் ஓலையை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்காகப் பனையைத் தறிக்கச் சொல்லவில்லை. தறிக்கவே கூடாது. கம்பத்தை உயர்த்துங்கள், அல்லது அடுத்த கூரைக்கு நகர்த்துங்கள்.

தூரம் கூடினால் பூமியின் வளைவும் குறுக்கே வரும். 10 கிலோமீற்றருக்கு அது ஒன்றரை மீற்றர்தான். ஆனால் மன்னார் நகரிலிருந்து தலைமன்னார்ப் பக்கமாக 25 கிலோமீற்றர் போக வேண்டுமானால் நடுவில் 9 மீற்றர் வளைவு. பிரெனெல் வலயத்துக்கு வேண்டிய 11 மீற்றரை அதோடு கூட்டுங்கள். வெறும் தரைக்கு மேலேயே இரண்டு பக்கமும் 20 மீற்றர்க் கம்பம் வேண்டும். அதற்குமேல் பனை நிற்கிறது. ஆகவே ஒரே பாய்ச்சலில் போகாமல் பேசாலையில் ஓர் உயர்ந்த கூரையில் இறங்கி ஏறுவதுதான் புத்தி. தீவின் தென்கரையோரம் போகும் பாதையென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 கோபுரங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றின் சுழலியின் விட்டம் 126 மீற்றர். பாதையின் குறுக்கே அந்த இறகு சுழன்றால் சமிக்ஞை ஏறி இறங்கித் துடிக்கும்.  

இதெல்லாம் பெரிய நாடுகளுக்குத்தானே, நமக்கு நடக்குமா? நடந்திருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், தேனியில் நடந்திருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பெயரைக் கேள்விப்படாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். அவர்களுடைய தேனி மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர், சுற்றுக் கிராமங்களில் உள்ள சிறு கண் நிலையங்களுக்கு வரும் நோயாளியைத் திரையில் பார்த்துப் பேச வேண்டும். 2000களின் நடுவில் அங்கே நல்ல இணையம் ஏது? கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழுவினர் மருத்துவமனையோடு சேர்ந்து, சாதாரண வைஃபைக் கருவியையும் திசையன்ரனாவையும் கோபுரத்தில் கட்டிக் கிராமங்களை இணைத்தார்கள். பல கிலோமீற்றர் தூரம் அசையும் படம் போனது. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டுப் போகாமலே மருத்துவரைக் கண்டார்கள்.

அவர்கள் முட்டிமோதிக் கண்டுபிடித்த இரண்டு விடயங்கள் நமக்கு அப்படியே உதவும். முதலாவது, வீட்டு வைஃபை ஒரு துண்டை அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். அறைக்குள் அந்தப் பதில் உடனே வரும். 30 கிலோமீற்றர் போய்த் திரும்பி வர ஒரு செக்கனின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். நமக்கு அது ஒன்றுமேயில்லை, கருவிக்கு அது நீண்ட நேரம். பதில் வரவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பி, இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று பேசிப் படம் உறைந்துவிடும். ஆகவே, "இந்த நேரம் நீ பேசு, அந்த நேரம் நான் பேசுகிறேன்" என்று முறைவைக்கும் மென்பொருளை அந்தக் குழு எழுதியது. அனுப்பும் வேகம் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு கூடியது. இன்று கட்டடத்துக்குக் கட்டடம் இணைக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் இந்த முறைவைப்பு இருக்கிறது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். வீட்டு ரவுட்டருக்குப் பெரிய அன்ரனா பூட்டித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, அவர்களுடைய இணைப்புகளை அதிகம் கெடுத்தது அலையல்ல, கெட்ட கறண்ட். ஏறி இறங்கும் மின்னழுத்தம் பலகைகளைக் கருக்கியது, நினைவட்டைகளைக் கெடுத்தது. அதனால் கம்பத்துக்குச் செலவழிக்கும் அதே அக்கறையோடு ஒரு நல்ல பற்றரிக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவிக்கும், முடிந்தால் ஒரு சிறு சோலர்ப் பலகைக்கும் செலவழியுங்கள். இந்தக் கருவி குடிப்பது பத்து வாட்டுக்கும் குறைவு. கறண்ட் போன இரவில்தான் களவு நடக்கும், அப்போது கமெரா கண்ணை மூடக்கூடாது!

நம் பக்கத்து வீட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வில்பத்துக் காட்டோரம், அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியாவில், ஓர் ஆங்கில ஆசிரியர் தொடங்கிய முயற்சியால் கிராமத்துப் பிள்ளைகளின் வீடுகள் கம்பியில்லா வலையில் இணைந்தன. தூரம் எவ்வளவு போகும் என்றால், வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி என்பவர் 2007இல் மலைக்கு மலை 382 கிலோமீற்றருக்கு வைஃபை அனுப்பிக் காட்டினார். அப்படியானால் இராமேஸ்வரத்துக்கு அனுப்பலாமே என்று யாராவது நினைக்கலாம். அலைக்கு முடியும், சட்டத்துக்கு முடியாது. நடுவே இரண்டு நாடுகளின் எல்லை கிடக்கிறது. நம் நாட்டுக்குள்ளேயும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த கருவியை, அனுமதித்த அலைவரிசையில், அனுமதித்த வலுவில்தான் ஏற்ற வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள்.

இப்போது என்னோடு கொஞ்சம் கூரைமேல் ஏறுங்கள். மன்னார் நகரில் ஒரு மாடிக் கூரை, நீருக்கு அப்பால் தள்ளாடிப் பக்கத்தில் ஒரு கூரை, நடுவே 3 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஒரே கருவி, கையகலத் தட்டு அன்ரனா. கணக்குப்படி வந்துசேர வேண்டிய சமிக்ஞை மறை 51 டெசிபெல். திரையில் பார்த்தால் மறை 68 காட்டுகிறது. படமும் வருகிறது! வந்துவிட்டதே என்று சந்தோசத்தோடு நட்டை இறுக்கிவிட்டு இறங்கிவிடுகிறோம். அங்கேதான் பிழை. அந்த 17 டெசிபெல் எங்கே போனது? 17 டெசிபெல் என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்திருக்கிறது. இன்று தப்பும், முதல் பெருமழையில் போய்விடும்.

ஒவ்வொரு அன்ரனாவுக்கும் முன்னால் ஒரு பெரிய கதிரும், பக்கங்களில் சில சின்னக் கதிர்களும் உண்டு. பக்கக் கதிரில் பிடித்துக்கொண்டு, இதுதான் உச்சம் என்று நம்பி இறுக்குவது மிகச் சாதாரணமாக நடப்பது. ஆகவே இடமிருந்து வலம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சமிக்ஞை ஏறும், இறங்கும், மறுபடி இன்னும் கூட ஏறும், மறுபடி இறங்கும். அந்தப் பெரிய ஏற்றத்தில் நிறுத்துங்கள். பிறகு மேலும் கீழும் அதேபோல. ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருப்பினால் விடியும்வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் கணக்கு வரவில்லையா? தண்ணீரைப் பாருங்கள். அசையாத ஆழமில்லாக் கடல் அலையைத் திருப்பியடிக்கும். நேரே போகும் கதிரும் நீரில் பட்டு வரும் கதிரும் சந்திக்கும்போது ஒன்றையொன்று கூட்டவும் செய்யும், அழிக்கவும் செய்யும். நீர்மட்டம் அரை மீற்றர் ஏறினாலே நிலைமை மாறும். காலையில் துலக்கமாக இருந்த படம் மாலையில் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து எளியது. ஒரு பக்கத்து அன்ரனாவைக் கம்பத்தில் ஒன்றிரண்டு மீற்றர் இறக்கியோ ஏற்றியோ பாருங்கள். உயரம் கூடினால் எப்போதும் நல்லது என்ற பழைய பாடம் தண்ணீருக்கு மேலே மட்டும் கொஞ்சம் திருத்தப்பட வேண்டியிருக்கிறது.

கருவி ஏறிவிட்டது. படம் வருகிறது. வேலை முடிந்ததா? இல்லை, மன்னாரில் இனித்தான் தொடங்குகிறது. நமக்கு உப்புக் காற்று இருக்கிறது. மே தொடங்கிச் செப்டெம்பர்வரை அடிக்கும் சோழகம் இருக்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் இருக்கிறது. சாதாரண இரும்பு நட்டு ஓரிரு வருடத்தில் துருவேறித் தானாகத் தளரும், அன்ரனா திரும்பிவிடும், படம் போகும். துருப்பிடிக்காத உருக்கு நட்டும் நாகம் பூசிய குழாயும் கேட்டு வாங்குங்கள். மூடிய பெரிய டிஷ் காற்றைப் பிடிக்கும், கம்பி வலை டிஷ் காற்றை விடும். வயர் நுழையும் வாயை ஒட்டும் ரப்பர் நாடாவால் சுற்றி, வயரைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும், கருவிக்குள் போகாது. கம்பத்துக்கு நிலத்தொடுப்பு இல்லாமல் ஒரு நாளும் விடாதீர்கள். இடி கம்பத்தில் விழ வேண்டுமென்பதில்லை, பக்கத்தில் விழுந்தாலே வயர் வழியாக வந்து பெட்டிகள் அத்தனையையும் எரித்துவிடும்.

இதுவரை அலையைப் பற்றிப் பேசினேன். இனி மனிதரைப் பற்றி. இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் நெஞ்சோடு வைத்திருக்கிறேன்.

கண்காணிப்பு என்றால் என்னவென்று மன்னார் மக்களுக்கு யாரும் வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை. தள்ளாடிச் சோதனைச்சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி வரிசையில் நின்ற தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது. பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் கமெரா வேண்டுமென்று நாமே கேட்டோம். இரண்டு நினைவும் நமக்கு உண்டு. பார்க்கப்பட்ட வலியும் தெரியும், பார்க்காமல் விட்டதன் வலியும் தெரியும். அப்படிப்பட்ட நாம்தானே கமெராவை மிகவும் யோசித்து வைக்க வேண்டியவர்கள்?

கரையைப் பார்க்கும் கமெரா பக்கத்து வளவுக் கிணற்றடியைப் பார்க்கலாமா? கருவாடு காயப்போடும் பெண்களை நாள் முழுக்கப் பார்க்கலாமா? பள்ளிக்கூட வாசலைப் பார்க்கும் கமெரா பிள்ளைகளின் முகத்தை எத்தனை நாள் சேமித்து வைக்கலாம்? இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஒருவரின் முகம் பதிந்த படமும் அவருடைய தரவுதான். சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்காமல், கமெராவைப் பூட்டும் நாளிலேயே அதன் கோணத்தைக் கரையோடு நிறுத்துங்கள். மறைக்க வேண்டிய இடத்தை மறைக்கும் வசதி எந்த நல்ல கமெராவிலும் இருக்கிறது.

இன்னொன்று. காற்றில் போகும் படத்தை வேறொருவரும் பிடிக்கலாம். அதனால் இணைப்பைக் குறியாக்கத்தோடு பூட்டுங்கள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இலட்சக்கணக்கான கமெராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. எப்படி? யாரும் மாற்றாமல் விட்ட அந்தத் தொழிற்சாலைக் கடவுச்சொல்லால்தான்! அந்த ஒக்டோபரில் அவற்றை ஏவி அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்களையே முடக்கினார்கள். ஓர் ஊரின் கமெரா அந்த ஊருக்குத் தெரியாமல் யாருக்கோ வேலை செய்தது. நம் கூரையிலுள்ள கமெராவும் அப்படி ஆகலாம்.

சங்கத்து அண்ணன்மாரே, பங்குச்சபைப் பெரியோரே, பள்ளி அதிபர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கமெராவுக்குப் பணம் ஒதுக்கும் கூட்டத்திலேயே, கூட்டக் குறிப்பேட்டில் சில வரிகள் எழுதிக் கையொப்பம் வையுங்கள். படத்தை யார் பார்க்கலாம், யாரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதுங்கள். எத்தனை நாளில் அழிக்கப்படும் என்று எழுதுங்கள். கடவுச்சொல் எந்த இரண்டு பேரிடம் இருக்கும் என்று எழுதுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பொலிஸோ வேறு யாரோ படம் கேட்டால் எழுத்தில் கேட்க வேண்டும், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். கம்பத்தில் ஏறிப் பார்க்கும் இரண்டு இளைஞரின் பெயரையும், அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலியையும் எழுதுங்கள். சும்மா ஏறச் சொல்லாதீர்கள், பாதுகாப்புப் பட்டி இல்லாமல் ஏற விடாதீர்கள். சோழகம் எழும்பும் முன் சித்திரையில் ஒருமுறை, மாரி தொடங்கும் முன் புரட்டாசியில் ஒருமுறை, நட்டையும் நாடாவையும் நிலத்தொடுப்பையும் பார்த்து, சமிக்ஞை எத்தனை டெசிபெல் என்று அதே குறிப்பேட்டில் திகதியோடு பதியச் சொல்லுங்கள். அடுத்த சித்திரையில் ஏறுகிற பிள்ளை அந்தப் பழைய எண்ணைப் பார்த்துத்தான், எது தளர்ந்திருக்கிறது, பாதையில் எந்தப் பனை வளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும்.